தூண் எந்த வீட்டிலிருந்து வந்தது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தேக்குத் தூண்களைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள். நிலைக்கதவுகள், சாய்வு நாற்காலிகள், கணக்குப்பிள்ளை மேசைகள், எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள், பெயர் தெரியாத பெரியவர்களின் சட்டமிட்ட படங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். வெளியூர்களில் வீடு அலங்கரிப்பவர்களும் உணவகம், விடுதி நடத்துபவர்களும் இங்கே வந்து வாங்கி லாரியில் ஏற்றிப் போகிறார்கள். போன இடத்தில் கதவு சாப்பாட்டு மேசையாகிறது, தூண்கள் தொலைக்காட்சிக்கு இருபுறமும் நிற்கின்றன, உரல் செடித்தொட்டியாகிறது.

இந்தப் போக்குக்குச் சார்பாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. புதுச் சாமான் வாங்குவதைவிடச் செலவு குறைவு. புதிதாக மரம் வெட்ட வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு தனி முகம் கிடைக்கிறது. மூன்றும் பாதி உண்மை. மறுபாதியை யாரும் உரசிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பழையதாக இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதும் வெவ்வேறு குணங்கள். இன்றைய அலங்காரப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. லாரி நிறையப் பழைய மரம் வாங்கி ஒரே வாரத்தில் நிரப்பிய வரவேற்பறைக்கும், பெரிய கடையில் தவணையில் எடுத்த சோபா செட்டுக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. இரண்டிலும் அங்கே வாழப்போகிறவர் வாழ்ந்து பார்த்துச் செய்த தீர்மானம் எதுவும் இல்லை.

நிதானத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த முறையின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. ஒரு வீட்டில் ஓர் ஆண்டு வாழ்ந்து பார்க்காமல் அதற்கு என்ன வேண்டும் என்று சொல்ல முடியாது. அக்கினி நட்சத்திரத்தில் எந்தச் சுவர் இரவு பத்து மணிவரை அனல் விடுகிறது, ஐப்பசி மழையில் எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, பிள்ளைகள் படிக்கத் தாமாகப் போய் உட்காரும் மூலை எது, வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கே தயங்கி நிற்கிறார்கள் என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது. ஓதம் ஏறும் சுவரோடு ஒட்டி அலமாரி அடித்துவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் பின்பலகை உப்பிவிடும். துணிமணியில் பூஞ்சை பிடிக்கும். ஆனால் நம் குடும்ப வழக்கம் நிதானத்துக்கு இடம் கொடுப்பதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் கண்முன் வீடு நிறைந்திருக்க வேண்டும். கலியாணம் என்றால் கட்டிலும் பீரோவும் டிரெஸ்ஸிங் டேபிளும் சீராக வந்து இறங்கும். எது தேவை என்று தெரிவதற்கு முன்பே எல்லாம் வந்துவிடுகிறது. தெரிந்த பிறகு வைக்க இடம் இருப்பதில்லை. காலி இடத்தைச் சில மாதங்கள் காலியாகவே விட்டுவைப்பதற்கு, உறவினர் கேள்விகளைத் தாங்கும் துணிச்சல் வேண்டும். வீட்டுக்காரர் செலவில்லாமல் செய்யக்கூடிய மிக நல்ல அலங்கார வேலை அதுவே என்பேன்.

இப்படிச் சேர்ந்து வளர்ந்த வீட்டுக்கு நல்ல சான்று கொழும்பில் இருக்கிறது. இலங்கையின் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) 1958இல், 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகள் கொண்ட வரிசையில் மூன்றாவதை எடுத்துத் தனக்கு ஏற்றபடி மாற்றினார். பிறகு நான்காவது வீடு காலியானது, அதையும் சேர்த்துக்கொண்டார். சுமார் பத்து ஆண்டுகள் கழித்து மற்ற இரண்டும் கைக்கு வந்தன. அவற்றில் முதலாவதை இடித்து உயரமான ஒரு கோபுரப் பகுதி கட்டினார். இன்று ‘11ஆம் எண் வீடு’ என்று அறியப்படும் அந்த இடத்தில், இடித்த கட்டடங்களிலிருந்து வந்த கதவுகளும் தூண்களும் நண்பர்களான ஓவியர்களின் கைவேலைகளும் கலந்து இருக்கின்றன. செட்டிநாட்டுத் தூண்களும் அங்கே உண்டு. அவை வானம் பார்த்த ஒரு சிறு முற்றத்துக் குளத்தருகே, மேலிருந்து வெளிச்சம் விழும் இடத்தில் நிற்கின்றன. செட்டிநாட்டு வீட்டின் வளவு என்னும் உள்முற்றத்திலும் தூண் நிற்பது நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவில்தான். ஊர் மாறினாலும் தூணின் சூழல் மாறவில்லை. தொலைக்காட்சிக்கு இருபுறமும் நிறுத்திய தூணுக்கு அந்தப் பொருத்தம் கிடையாது. தாழ்ந்த கான்கிரீட் கூரைக்கு ஏற்ப அதைப் பல இடங்களில் அறுத்தும் விடுகிறார்கள்.

பாவாவை முன்மாதிரியாகக் காட்டுவதில் ஒரு நேர்மைக் குறைவும் வரலாம். அவருக்கு வசதி இருந்தது; பழகிய கண் இருந்தது; பெந்தோட்டை அருகே லுனுகங்கா என்ற தோட்டத்தை வைத்துக்கொண்டு சாகும்வரை மாற்றிக்கொண்டே இருக்கும் அளவுக்கு இடமும் இருந்தது. நடுத்தரக் குடும்பம் அவரிடமிருந்து கடன் வாங்கக்கூடியது அவருடைய வரிசைமுறையை மட்டுமே. முதலில் இடம், பிறகு வெளிச்சம், அதன் பிறகு பொருள். அவர் வழியில் வந்த விடுதிகளும் வீடுகளும் பல இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. பொருளை முதலில் வாங்கி, அது பழையது என்பதையே அழகாக எடுத்துக்கொண்டன. ஒருவர் பத்தாண்டுகளில் தேடிக் கண்டதை அடுத்தவர் மொத்தமாகக் கொள்முதல் செய்தால், கிடைப்பது அந்த வீட்டின் தோற்றம் மட்டும்.

இனி, மரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. இதைத் தவிர்த்துவிட்டு இந்தப் போக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. பர்மா, மலாயா, இலங்கையில் அவ்வீடுகளின் வணிகச் சமூகமான நகரத்தார் நடத்திய வட்டித்தொழிலும் வணிகமும் அதற்கான பணத்தைக் கொடுத்தன. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் என்று வந்து சேர்ந்தன. 1930களின் பொருளாதார வீழ்ச்சி, 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது, பிறகு பர்மிய அரசு நிலங்களை எடுத்துக்கொண்டது என்று அடுத்தடுத்து அடி விழுந்தது. வீடு நின்றது, அதைப் பராமரித்த வருமானம் நின்றுபோனது. ஒரே வீட்டில் பங்காளிகள் பலருக்கு உரிமை. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். கூரை ஒழுகினால் யார் பணம் போடுவது என்று முடிவாகாது. விற்பது என்று முடிவானால் பிரித்து விற்பது எல்லோருக்கும் எளிது. மர வியாபாரி வந்து தூண், உத்தரம், கதவு, சன்னல், தரைக்கல் என்று தனித்தனியாக விலை பேசுகிறார். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அதனால் ஒரு வீட்டைப் பிரிப்பது நின்றுவிடாது.

‘நாங்கள் வாங்காவிட்டால் அந்தத் தேக்கு கறையானுக்கும் அடுப்புக்கும் போயிருக்கும்’ என்று வாங்குபவர்கள் சொல்கிறார்கள். சில வீடுகளைப் பொறுத்தவரை அது உண்மை. கூரை விழுந்து பத்து மழை பெய்துவிட்ட வீட்டில் மிச்சமிருக்கும் உத்தரத்தை எடுத்துப் பயன்படுத்துவதில் குற்றம் ஒன்றும் இல்லை. கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இடித்த கட்டடங்களின் கதவு சன்னல்களை வாங்கி வீடு கட்டினார். செலவைக் குறைப்பதும் பொருளை வீணாக்காமல் இருப்பதும் அவர் நோக்கம். ஆனால் தூணுக்குப் பெருநகரத்தில் நல்ல விலை இருக்கிறது என்று ஆன பிறகு நிலைமை மாறுகிறது. கூரை ஓடு மாற்றிக் காப்பாற்றியிருக்கக்கூடிய வீட்டுக்கும் பிரித்தால் என்ன கிடைக்கும் என்ற கணக்குப் போடப்படுகிறது. வரவேற்பறைக்கு அழகாக ஒரு தூண் கேட்கிறவர் யாரையும் இடிக்கச் சொல்லவில்லை. அவர் கொடுக்கும் விலை அந்த வேலையைச் செய்கிறது.

ஆகவே ஒரு கோடு போட வேண்டும். தட்டுமுட்டுச் சாமான் வேறு, வீட்டின் உறுப்பு வேறு. நாற்காலியும் பெட்டியும் கட்டிலும் வெளியே போனால் வீடு விழாது. அவை கைமாறுவதற்கென்றே செய்யப்பட்டவை. தூணும் நிலையும் உத்தரமும் போனால் வீடே போகிறது. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம், செட்டிநாட்டு வணிகர் வீடு உட்படத் தென்னக வீடுகளைக் கொண்டுவந்து மறுபடி முழு வீடாகவே நிறுத்திவைத்திருக்கிறது. செட்டிநாட்டிலேயே சில வீடுகள் விடுதிகளாக மாறி, தூணை அதன் இடத்திலேயே காப்பாற்றுகின்றன. அங்கே போய் ஓர் இரவு தங்குகிற பணம் தூணைத் தாங்குகிறது. அதே பணத்தில் தூணை வாங்குவது அதைப் பிடுங்குகிறது. சட்டமும் கவனிக்கத்தக்கது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தோதகத்தி (ஈட்டி) மரம் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மகள் வீட்டுக்கு அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்று வாங்குகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கடைகளில் விற்கும் குடும்பப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாரோ ஒருவரின் தாத்தாவும் ஆத்தாவும் பொட்டிட்டு மாலையிட்டு வணங்கப்பட்டவர்கள். இன்று உணவகச் சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறார்கள். வீட்டுக்குத் தன் அடையாளத்தைக் கொடுக்க விரும்புகிறவர் அடுத்தவர் மூதாதையரை வாங்கி மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் பாட்டியின் படம் ஓரம் கிழிந்திருந்தாலும், தம்பி பள்ளியில் வரைந்த படம் கோணலாக இருந்தாலும் அதைச் சட்டமிட்டு மாட்டுங்கள். அது அந்தச் சுவரில் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அடுத்தது, ஒன்றை வேறொன்றாக மாற்றும் வேலை. இதுதான் நல்ல புத்தியும் வெறும் ஆசையும் பிரியும் இடம். என் அளவுகோல் ஒன்றே. பழைய பொருளின் எந்தக் குணம் அதை அதன் பழைய வேலைக்கு உகந்ததாக்கியதோ, அந்தக் குணத்தைப் புதிய வேலையும் பயன்படுத்த வேண்டும்.

கதவை மேசையாக்குவது இதில் தேறுவதில்லை. செதுக்கலும் பித்தளைக் குமிழும் உள்ள கதவு சமதளம் கிடையாது. அதனால் மேலே கண்ணாடி போட வேண்டியிருக்கிறது. பிறகு தினமும் சாப்பிடுவது கண்ணாடியின்மேல். மரம் அடியில் காட்சிப்பொருளாகக் கிடக்கும். பள்ளங்களில் தூசி சேரும்; கண்ணாடியைத் தூக்கித் துடைக்க இரண்டு பேர் வேண்டும். தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் காலைக் கைகழுவும் தொட்டிக்குத் தாங்கியாக்குவதும் அப்படியே. ஈரம் படும் இடத்தில் வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும். அதே காலின்மேல் ஒரு பலகை போட்டு எழுதும் மேசையாக்கினால் காலத்துக்கும் நிற்கும். பாரத்தையும் அதிர்வையும் தாங்கத்தானே அதை வார்த்தார்கள்? ஆட்டுக்கல்லை வரவேற்பறையில் வைத்து மண் நிரப்புவதால் தரைக்குப் பாரம். செடிக்கும் பயன் இல்லை, தண்ணீர் வடிய வழி கிடையாது.

தேறுகிறவற்றைப் பாருங்கள். முன்பு பாலும் பலகாரமும் வைத்த கம்பிவலை அலமாரி கடலோர ஊர்களில் புத்தகத்துக்கு மிக நல்ல இடம். காற்றோட்டம் இருப்பதால் பூஞ்சை பிடிக்காது; பல்லி, கரப்பான் நுழையாது. கண்ணாடிக் கதவு போட்ட புது அலமாரியைவிட இது மேல் என்று உறுதியாகச் சொல்வேன். தரையில் உட்கார்ந்து வேலை செய்யப் பழகியவர்களுக்குக் கணக்குப்பிள்ளையின் சாய்மேசை மடிக்கணினிக்குப் பொருந்தும்; உள்ளே காகிதங்களும் வைக்கலாம். டிரங்குப் பெட்டி சன்னலோரத்தில் இருக்கையாகவும் போர்வைகளுக்கு இடமாகவும் இரட்டை வேலை செய்யும். ஒரே மரத்தில் அறுத்த அகலமான ஊஞ்சல் பலகை, கால் பொருத்தினால் பெஞ்சாகும். அதை ஊஞ்சலாகவே அடுக்ககத்தில் மாட்ட நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். கொக்கியைக் கம்பியோடு பிணைத்துக் கான்கிரீட் போடும்போதே பதித்திருக்க வேண்டும். பிறகு துளை போட்டு மாட்டுவதென்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பும் கிடையாது. கள்ளிப்பெட்டியைப் படுக்கவைத்துப் புத்தக அலமாரியும், நிமிர்த்திவைத்து அதன்மேல் பழைய புடவை விரித்து வானொலி மேசையும் செய்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்கள் அதை அலங்காரம் என்று நினைக்கவில்லை. கையில் இருப்பதைக் கொண்டு குடித்தனம் நடத்தினார்கள். வீட்டை நிறைப்பதற்கென்று தனியாக எதுவும் வாங்காமலே அந்த வீடுகளுக்கு ஒரு முகம் இருந்தது.

செலவுக் கணக்கு சொல்லப்படுவதைவிடச் சிக்கலானது. தெருவோரத்தில் கிடந்ததை எடுத்துவந்தாலும் ஒட்டிய சாயத்தைச் சுரண்டி, ஆடும் காலைக் கழற்றிக் கழுந்தைச் சீர்செய்து, பிரம்பு பின்னி, அரக்கு மெருகு ஏற்றி முடிக்கும்போது, ரப்பர் மரத்தில் செய்த புது நாற்காலியின் விலையைத் தாண்டிவிடும். சிக்கனம் என்று தொடங்குகிறவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். தேக்கு நாற்காலியை மறுபடி கழற்றிச் சீர்செய்ய முடியும், உங்கள் பேரனும் அதைச் செய்யலாம் என்ற காரணத்துக்காக இந்தச் செலவு நியாயமானது. பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் உப்பும். ஆணி பிடித்த இடம் பொடியாகும். அதைத் தச்சரிடம் கொண்டுபோவதில் பயன் இல்லை.

தேக்கு என்ற பெயரே உத்தரவாதமாகிவிடாது. வைரம் பாய்ந்த பகுதியைக் கறையான் எளிதில் தொடாது. வெளிப்புற வெள்ளை மரத்தை உளுப்பூச்சியும் கறையானும் தின்னும். வாங்கும் முன் கால்களின் அடிப்பகுதியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் அடியில் வெள்ளைத்தாள் விரித்துச் சில நாள் வையுங்கள். புதுத்தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. மெருகு இல்லாத மரத்தில் போரிக் அமிலமும் போராக்சும் கலந்த கரைசலைப் பூசி ஊறவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. பழைய எனாமல் சாயங்களில் ஈயம் உண்டு. வீட்டுச் சாயங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவையும் தொட்டிலையும் உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தைகளின் நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் போகும். பழமை தெரியட்டும் என்று சாயத்தைப் பாதி உரித்து அப்படியே விட்டுவிடும் பாணி குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகவே ஆகாது. ஈரமாக்கித் தேய்க்க வேண்டும், வீட்டுக்கு வெளியே, முகமூடியுடன்.

புதுச் சாமானுக்கும் நியாயமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சமையலறையில் பழைய மரத்தைக் கொண்டு மல்லுக்கட்டுவதில் பொருள் இல்லை. தண்ணீரும் எண்ணெயும் ஓயாமல் படும் அந்த இடத்துக்கு நல்ல பிளைவுட்டும் எவர்சில்வரும் உகந்தவை. மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்குத் தாழ்வான சாய்வு நாற்காலி தண்டனை. அவர்களுக்கு உயரமான புது நாற்காலி வாங்கிக் கொடுங்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்குப் பழைய முறையே வசதி. சுவரோடு சேர்த்து அடித்ததை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பழைய கட்டிலைக் கழற்றி மறுபடி மாட்டலாம். படிக்கட்டில் திரும்புமா என்று அளந்து பார்க்காமல் பெரிய அலமாரியை மட்டும் வாங்காதீர்கள்.

என் தீர்ப்பு இது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் முறை முழு ஆதரவுக்கு உரியது. புதுச் சாமான் வாங்கினாலும் அதையே கைக்கொள்ளலாம். பழைய தட்டுமுட்டுச் சாமானைச் சீர்செய்து பயன்படுத்துவது, அது செய்துவந்த வேலைக்கு அருகிலான வேலையைக் கொடுக்கும்வரை, புதியதைவிட நல்லது. வீடுகளைப் பிரித்து எடுத்த தூண், நிலை, உத்தரத்தை அழகுக்காக வாங்குவதை நான் ஏற்கவில்லை. விழுந்துவிட்ட வீட்டின் மரம் என்று உறுதியாகத் தெரிந்தால், அதை மறுபடி கட்டடத்திலேயே பயன்படுத்துங்கள். முதல் தேடல் சொந்த ஊர் வீட்டுப் பரணிலும் மாட்டுக்கொட்டகை மூலையிலும் நடக்கட்டும். அங்கே கிடைக்கும் ஒரு முக்காலிக்குச் செட்டிநாட்டுத் தூணின் பெருமை இருக்காது. அதில் உட்கார்ந்து யார் முருங்கைக்கீரை உருவினார்கள் என்று சொல்ல உங்கள் பெரியம்மா இருப்பார்.

இன்று பழைய மரத்தைவிட அரிதாகிவருவது அதைக் கழற்றிப் பொருத்தத் தெரிந்த கை. இழைப்புளியால் மரம் இழைத்துக் கழுந்து வெட்டத் தெரிந்த ஆசாரிகள் பலர் பிளைவுட் வேலைக்குப் போய்விட்டார்கள். அரசு அலுவலக நாற்காலிகளுக்கு நெடுங்காலம் பிரம்பு பின்னித் தந்த பார்வையற்ற தொழிலாளர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் கிழிந்த நாற்காலியை அவரிடம் கொண்டுபோங்கள். பேரம் பேசாமல் கேட்ட கூலியைக் கொடுங்கள்.